உளுந்துச் செய்யில் ஒரு மஞ்சள் கோடு

புலவர் சிற்றம்பலம் அந்த மடத்தில் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபத்தோரு வயது. குருவுக்கு முப்பத்தேழு. இந்தக் கணக்கு புலவரைத் தவிர வேறு யாரையும் உறுத்தவில்லை.

குருவின் பெயர் உமையாள். சுற்றுப்பட்டு ஊர்களில் 'அம்மை' என்பார்கள். தாவரவியலும் படித்தவர், சித்தாந்தமும் படித்தவர். இரண்டைப் பற்றியும் கேட்டால்தான் சொல்வார். சிற்றம்பலத்தை அவர் 'புலவரே' என்று கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று புலவர் பலமுறை பதம் பிரித்துப் பார்த்தும் தெளிவு கிடைக்கவில்லை.

சேர வந்த அன்று புலவர் தம் கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார்.

"அம்மா, வாழ்நாள் முழுதும் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். விடைத்தாள் திருத்தித் திருத்தி, என் கண்ணுக்குப் பிழை மட்டுமே படுகிறது. கோயிலுக்குப் போனால் அறிவிப்புப் பலகையில் சந்திப் பிழை. கல்யாணத்துக்குப் போனால் பத்திரிகையில் ஒற்றுப் பிழை. மகன் வீட்டில் என்னோடு யாரும் பேசுவதில்லை, பேசினால் திருத்துகிறேனாம். பிழையல்லாத ஒன்றைப் பார்க்க எனக்குக் கற்றுத்தர இயலுமா?"

அம்மை வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"உளுந்து தெரியுமா, புலவரே?"

"தெரியும்."

"செடியா?"

"வடையாக."

"அப்ப வாங்க" என்று எழுந்து நடந்தார் அம்மை.

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து விதைத்து, செடி கணுக்காலைத் தாண்டியிருந்தது. நாலு பக்கமும் வேலி போலச் சோளம் நெருக்கமாக நின்றது.

"இந்தச் செய் உங்களுது" என்றார் அம்மை.

அந்தப் பக்கத்தில் வயலைச் செய் என்பார்கள். புலவரால் சும்மா இருக்க முடியவில்லை. "செய் என்பது பெயராக வந்தால் வயல். வினையாக வந்தால் ஏவல். தாங்கள் எந்தப் பொருளில்?"

"ரெண்டும் உங்களுதுதான். இங்க விளையறது விதைக்கு. அடுத்த போகத்துக்கு ஊர்க்காரங்க விதை கேட்டு இங்கதான் வருவாங்க. அறுப்பு வரைக்கும் நீங்க பாருங்க."

"பார்க்க வேண்டுமா, பார்த்துக்கொள்ள வேண்டுமா? இரண்டும் ஒன்றல்ல."

"முதல்ல பாருங்க."

மடத்து வழக்கம் ஒன்று உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு மஞ்சளில் நனைத்த மேல்துணி ஒன்று தருவார்கள். கூடவே ஒரு செய்யையும் ஒப்படைப்பார்கள். செய் கெட்டால், துணியைக் குருவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கோபதாபம் கிடையாது. இலை போட்டுச் சாப்பாடு கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் போய்விட வேண்டும். துணியை விட்டவர் மடத்தை விட்டவர் என்பது அங்கே எல்லோரும் அறிந்த பேச்சு.

புலவருக்குப் போக இடம் இல்லாமல் இல்லை. மகன் வீட்டில் அவருக்கென்று ஒரு கட்டிலும், கட்டிலுக்கு எதிரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் இருந்தன. தொலைக்காட்சிச் செய்தியில் ஓடும் வரிகளில் ஒரு நாளைக்கு எத்தனை பிழை என்று அவரிடம் கேட்டால் தெரியும். அந்தக் கட்டிலுக்குத் திரும்ப அவருக்கு மனமில்லை.

ஆகையால் அவர் அந்தத் துணியை உயிராகப் பேணினார்.

மஞ்சள் சாயத்துக்கு வெயிலைக் கண்டால் ஆகாது, சீக்கிரமே வெளுத்துவிடும். மற்றச் சீடர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடுக்களை பார்க்கும் மரகதத்தின் துணி பழுப்பாகி, அடுப்பிலிருந்து பானை இறக்கப் பயன்பட்டது. அம்மை கட்டியிருந்ததோ நீலமா சாம்பலா என்று சொல்ல முடியாத ஒரு பருத்திப் புடவை. புலவருக்கு இந்த அலட்சியம் பிடிக்கவில்லை. அவர் வெள்ளிதோறும் தம் துணியைப் புதிதாக மஞ்சளில் நனைத்துக் காயவைத்தார். அரை மைலுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் அவர் சீடர் என்பது தெரிந்தது.

"புலவரய்யா" என்றாள் மரகதம் ஒரு நாள். "சாம்பாரு வெளுத்துப் போய்க் கெடக்கு. சாப்புடறவங்க என்னைய ஏசுறாங்க."

"அதற்கு நான் என்ன செய்யட்டும்?"

"மஞ்சப்பொடி பூரா உங்க தோள்ல இருக்கு. கொஞ்சம் உதறிக் குடுங்க."

புலவர் துணியை இழுத்து விட்டுக்கொண்டார். 'உங்கள் தோளில்' என்பதே திருத்தமான வடிவம் என்று மட்டும் மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அவர் செய்யைப் பார்த்த முறையும் திருத்தமாகத்தான் இருந்தது. தினமும் பொழுது சாய்வதற்கு முன், அடுக்களைத் தோட்டத்துக் கத்தரிப் பாத்தி வழியாகப் போவார். தெற்கு மூலையில் உளுந்து கொஞ்சம் நோஞ்சானாக நின்றது, வரப்பில் களை மண்டியிருந்தது. வகுப்பில் மக்குப் பையனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தச் செடிகளை வருடிக் கொடுப்பார், தட்டிக் கொடுப்பார். பிறகு அங்கிருந்து குறுக்கே நடந்து, செய்யின் நடுவே கிடக்கும் ஒரு தட்டைக் கல்லுக்கு வருவார். மேல்துணியை எடுத்து இரண்டு உதறு உதறிவிட்டு உட்காருவார். தோள்மேல் சுண்ணக்கட்டித் தூள் படிந்தே பழகிய வாத்தியார். உட்காருமுன் உதறுவது எலும்பில் ஊறிய வழக்கம். உட்கார்ந்து, செழித்து நிற்கும் பச்சையைப் பார்த்தபடி இரண்டு பாட்டுச் சொல்லிவிட்டு எழுந்து போவார்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் மாலை அந்தக் கல்லில் உட்கார்ந்தவர் பாட்டை மறந்தார்.

பக்கத்துச் செடியின் கொழுந்தில் மஞ்சள் திட்டு. அடுத்ததிலும். அதற்கு அடுத்ததில் இலை பாதிக்கு மேல் மஞ்சள். கண்ணுக்கு எட்டிய வட்டத்தில், பச்சைத் தாளில் யாரோ மஞ்சள் மையைச் சொட்டியது போல.

புலவர் ஓடினார். அறுபத்தோரு வயதுக்காரர் வரப்பில் ஓடுவதைப் பார்த்து மரகதம் பாம்பு என்று நினைத்துத் தடியோடு வந்தாள்.

"அம்மா, பயிர் மஞ்சளித்துவிட்டது. நடுச் செய்யிலேயே."

அம்மையின் முகம் மாறியது. "மஞ்சள் தேமல் நோய். கொழுந்துல திட்டுத் திட்டாவா?"

"ஆம். பூச்சிக்கொல்லி மருந்து வாங்கி வரட்டுமா? இப்போது புறப்பட்டால் கடை மூடுவதற்குள் போய்விடுவேன். செய் முழுதும் அடித்துவிடலாம்."

"காலைல பாக்கலாம், புலவரே. விடிஞ்ச உடனே."

புலவருக்கு நம்பிக்கை போயிற்று.

காரணம் இருக்கிறது. தமிழ் பேசும் எவருக்கும் 'பார்க்கலாம்' என்ற சொல்லின் பொருள் தெரியும். சம்பள உயர்வு கேட்டபோது தலைமையாசிரியர் சொன்னது அது. பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோது மாப்பிள்ளை வீட்டார் சொன்னது அது. புலவரே தம் மனைவியிடம் ஆயுள் முழுக்கச் சொன்னதும் அதுதான். அந்த அம்மாள் கடைசிவரை தனுஷ்கோடியைப் பார்க்கவில்லை.

அம்மை கைகழுவிவிட்டார் என்று புலவர் முடிவு கட்டினார். தூக்கம் பிடிக்கவில்லை, பிடித்தபோது விடிந்துவிட்டது. எழுந்து, துணிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

மரகதம் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன புலவரய்யா, அம்மை எவ்வளவு நேரமா உங்களுக்காகச் செய்யில நிக்கிறாங்க. நீங்க பொட்டி அடுக்கிட்டு இருக்கீங்க."

"எதற்காக நிற்கிறார்?"

"பாக்கலாம்னு சொன்னாங்களாமே."

புலவர் போனபோது அம்மை மோட்டார் கொட்டகை நிழலில் நின்றுகொண்டிருந்தார். புடவையின் ஓரம் பனியில் நனைந்திருந்தது.

"ஏன் வரல?"

"தாங்கள் 'பார்க்கலாம்' என்றீர்கள்."

"ஆமா. பாக்கலாம்னேன்."

"தட்டிக் கழிக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

அம்மை அவரை உற்றுப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "தமிழ் இவ்வளவு தெரிஞ்சா வர்ற கஷ்டம் இது. ஏணியில ஏற முடியுமா உங்களால?"

"எங்கே?"

"கொட்டகை மேல."

கொட்டகையின் தளத்துக்கு ஓர் இரும்பு ஏணி சாத்தியிருந்தது. புலவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் ஓர் இறைவனை விளித்தபடி ஏறினார். பின்னாலேயே அம்மையும் ஏறி வந்தார்.

"இப்பப் பாருங்க."

செய் முழுவதும் காலடியில் விரிந்து கிடந்தது. இதுவரை புலவர் அதைப் பக்கம் பக்கமாக வாசித்திருந்தார். ஒரே பார்வையில் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"என்ன தெரியுது?"

"மஞ்சள்."

"அது கீழேயே தெரியுமே. எப்படி இருக்கு?"

புலவர் கண்ணைச் சுருக்கினார். மஞ்சள் எங்கும் சிதறவில்லை. தெற்கு மூலையில் ஒரு திட்டு. அங்கிருந்து ஒரு கோடு. சற்றே வளைந்து, குறுக்கே வந்து, நடுச் செய்யில் ஒரு வட்டமாக விரிந்து நின்றுவிட்டது. கோட்டுக்கு இரு பக்கமும் பச்சை.

"கோடு போட்டது போல இருக்கிறது. நடுவில் முற்றுப்புள்ளி."

"பூச்சி கோடு போட்டுப் போகுமா?"

"காற்று கொண்டுவந்திருக்கும்."

"காத்துல வந்தா ஒரு ஓரம் பூரா வந்திருக்கும். அதுக்குத்தானே சுத்தியும் சோளம் விட்டிருக்கு."

"அப்படியானால் தண்ணீர். வாய்க்கால் வழியாக."

"வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுது?"

வாய்க்கால் வடக்கே ஓடியது. புலவருக்குச் சுறுசுறுவென்று ஏதோ ஏறியது. வினாத்தாளில் எதிர்பாராத ஒரு நல்ல கேள்வியைப் பார்த்த மாணவன் மாதிரி அவர் தளத்தின் விளிம்புக்குப் போனார். அம்மை அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆடு புகுந்திருக்குமோ? ஆடு நேராக நடக்காது. நரி? நரி உளுந்துக்குள் ஏன் போகிறது. இது நடையேதான், அம்மா. மனித நடை. யாரோ தினமும் அந்த மூலையிலிருந்து கிளம்பி, இங்கே வளைந்து, இந்தக் கல்லுக்கு வந்து..."

அவர் நிறுத்தினார்.

அம்மை வேட்டி முனையை விடவில்லை. தூரத்தில் ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது.

"அந்தக் கல்லில் நான்தான் உட்காருகிறேன்" என்றார் புலவர்.

"ஆமா."

"கோடு என்னுடையது."

"இன்னைக்கு எழுதினது இல்ல. செடிக்குள்ள நோய் போயி வெளிய தெரிய வாரக் கணக்காகும். இது உங்க பழைய நடை."

"நான் செடியைத் தொட்டதாலா?"

"கீழ வாங்க சொல்றேன்."

இறங்கியதும் அம்மை அவரைக் கத்தரிப் பாத்திக்கு அழைத்துப் போனார். மிக மெதுவாக, விரல் நுனியால் ஓர் இலையின் காம்பைப் பிடித்துப் புரட்டிக் காட்டினார். இலையின் அடிப்பக்கம் அரிசிமாவைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். புலவர் மூச்சுவிட்டதும் இரண்டு புள்ளிகள் எழும்பிப் பறந்தன.

"வெள்ளை ஈ. இலைக்கு அடியிலதான் குடித்தனம். வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில குளிருக்கு அசையாம இருக்கும், அப்பப் பாத்தாத்தான் உண்டு. தெக்கு மூலையில இருக்கிற மாதிரி நோய் புடிச்ச செடியில வாய் வெச்சுட்டு நல்ல செடியில போய் வெச்சா, அதுவும் போச்சு."

"இது எப்படி என்னோடு?"

"திரும்பி நில்லுங்க."

புலவர் திரும்பி நின்றார். அம்மை அவர் தோளிலிருந்த மேல்துணியை அசங்காமல் எடுத்து, அவர் கண்முன் விரித்துப் பிடித்தார்.

வெள்ளிக்கிழமை தோய்த்த புத்தம்புது மஞ்சள். அதன்மேல் பாத்தியோரம் நின்ற இந்த நேரத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட வெள்ளைப் புள்ளிகள். ஒன்று, மூன்று, ஏழு. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது வந்து இறங்கியது.

"மஞ்சளைக் கண்டா அதுக்குக் கொழுந்துன்னு நெனப்பு" என்றார் அம்மை.

"நான் இதைச் சுண்ணக்கட்டித் தூள் போல ஏதோ தூசி என்று நினைத்தேன்" என்றார் புலவர். "அதனால்தான் கல்லில் உட்காருமுன்..."

"உதறுனீங்க."

"தினமும்."

புலவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று அம்மை குனிந்து பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சட்டென்று எழுந்து, பக்கத்து இலையைப் புரட்டினார். அதற்கடுத்த இலை. அதற்கடுத்தது.

"இங்க பாருங்கம்மா. இதுல முட்டையாட்டம் என்னமோ இருக்கு. இந்தா, இங்க ஒண்ணு கறுப்பா, முள்ளு முள்ளா ஊருதே. இது அந்த ஈயத் திங்குதா என்ன?"

அம்மை நிமிர்ந்தார். இலையடியில் ஊர்ந்த புழுவால் அல்ல, புலவரின் தமிழால். மடத்துக்கு வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து விழுந்த முதல் பேச்சு மொழி அது.

"திங்குது. பொறிவண்டோட குஞ்சு. இது நம்ம ஆளு, அதை விட்டுருங்க. மருந்து அடிச்சிருந்தா முதல்ல செத்திருக்கும்."

"நல்லவேளை பாக்கலாம்னீங்க."

அப்புறம் அந்தக் காலை யாருக்கும் உட்கார நேரம் தரவில்லை. அம்மை வேலையைப் பிரித்தார். நல்ல பக்கத்திலிருந்து நுழைந்து நோய்ப் பக்கத்துக்குப் போவது. மறந்தும் திரும்பி வராமல் மறு வரப்பில் வெளியேறுவது. மஞ்சள் கண்ட செடியை ஈரச் சாக்கால் மூடி, ஈ பறக்காமல் வேரோடு பிடுங்கி, சாக்கோடு கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடுவது. வரப்புக் களையை மரகதம் அரிவாளோடு பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் அடிக்க வேப்பங்கொட்டை இடித்து ஊறப்போட்டாயிற்று.

புலவர் அடுக்களையிலிருந்து ஒரு பழைய அழுக்கு நிறத் துண்டை வாங்கிப் போர்த்திக்கொண்டு பிடுங்கினார். ஒவ்வொரு செடிக்கும் முதலில் மனம் கூசியது. வட்டத்தின் நடுவுக்கு வந்தபோது கூச்சம் போய் வேகம் வந்திருந்தது. "இது என் எழுத்து, இதுவும் என் எழுத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்.

"ஒட்டுப்பொறி வேணும்" என்றார் அம்மை. "மஞ்சள் வர்ணம் அடிச்ச தகரத்துல வெளக்கெண்ணெய் தடவி மூலைக்கு மூலை நட்டா, பறக்கிறதுல பாதி அதுல ஒட்டிக்கும். இருக்கிற தகரம் ரெண்டே ரெண்டு. அதுவும் துருப்புடிச்சு நிறம் போச்சு."

"டவுன்ல வர்ணம் வாங்கிட்டு வரவா?"

"வாங்கி, அடிச்சு, காயணும். செடி இந்த வாரம் பூக்குது. பூக்கிறதுக்கு முன்னாடி ஈய நிறுத்தலேன்னா மிச்சத்துலயும் காய் பிடிக்காது."

மரகதம் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். கொட்டகை ஆணியில் மாட்டியிருந்த புலவரின் மேல்துணியை அவள் பார்த்தாள். பிறகு வேறு பக்கம் பார்த்தாள். அம்மை அதைப் பார்க்கவே இல்லை; குழியை மிதித்து மண்ணை இறுக்கிக்கொண்டிருந்தார்.

புலவர் துணியைப் பார்த்தார். நீளம் நாலு முழம். காற்றில் அது மெல்ல அசைந்தது. ஒன்பதாவது ஈ வந்து அதில் உட்கார்ந்தது.

"மரகதம், அந்த அரிவாளக் குடும்மா."

"புலவரய்யா, அது..."

"தெரியும். குடு."

அம்மை நிமிர்ந்தார். "புலவரே, நெஜமா யோசிச்சுட்டீங்களா? மடத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்."

"யோசிச்சா நேரமாகும்மா. பூத்துரும்."

அவர் துணியைக் கையகலத் துண்டுகளாகக் கிழித்தார். நல்ல பருத்தி, நேராகக் கிழிந்தது. மரகதம் விளக்கெண்ணெய்ப் புட்டியோடு ஓடிவந்தாள். குச்சிக்குக் குச்சி துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, செடியின் உச்சிக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி நட்டார்கள். தெற்கு மூலையில் நெருக்கமாக, கோட்டின் வழியே இடைவெளி விட்டு, கல்லைச் சுற்றி வட்டமாக.

முதல் குச்சியை நட்டுவிட்டுப் புலவர் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. சுற்றியது. இறங்கியது. எழும்பப் பார்த்தது, முடியவில்லை.

"மாட்டிக்கிச்சு" என்றார் அவர் தாழ்ந்த குரலில், கோயிலில் பேசுவது போல. "மரகதம், வந்து பாரேன். இன்னொண்ணு. இந்தா, இன்னொண்ணு."

"உங்கள விட நல்ல சீடனா இருக்கே இந்தத் துணி" என்றாள் மரகதம். "சொன்ன எடத்துல நிக்குது, பாட்டுப் பாடல."

அன்றிலிருந்து புலவர் விடிவதற்கும் வெயிலுக்கும் இடையே செய்யில்தான் கிடந்தார். இலையைப் புரட்டுவது, பொறித் துணியில் ஒட்டியதைப் பார்ப்பது, எண்ணெய் காய்ந்தால் தடவுவது. ஈ குறைந்த நாளில் குதித்துக்கொண்டு வந்து சொல்வார். கூடிய நாளிலும் குதித்துக்கொண்டுதான் வந்து சொல்வார். சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் யாரும் தமிழ்ச் சந்தேகம் கேட்க முடியவில்லை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்று நூல் நுனியில் முட்டை இடும் அழகைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சோறு ஆறிப்போகும்.

மஞ்சள் புதிதாக அங்கொன்றும் இங்கொன்றும் தலைகாட்டியது. காட்டிய அன்றே குழிக்குப் போனது. பழைய நடையில் இன்னும் வெளிவராமல் இருந்தவை வந்து தீர்ந்தபின், கோடு கோடாகவே நின்றது, வளரவில்லை. மற்ற இடத்தில் உளுந்து பூத்து, காய்த்து, கறுத்தது.

வைகாசியில் அறுத்து அடித்தார்கள். சுத்தமான செடிகளிலிருந்து மட்டும் விதைக்குப் பிரித்தார்கள். எப்போதும் வரும் அளவு இல்லை. ஆனாலும் கேட்டு வந்தவர் யாரும் வெறும் சாக்கோடு திரும்பவில்லை. அவரவர் கேட்டதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள்.

விதை கொடுத்த அன்று மடத்து முற்றம் சந்தைபோல இருந்தது. ஒரு சாக்கின்மேல் யாரோ கரிக்கட்டையால் 'உழுந்து' என்று எழுதியிருந்தார்கள். பழைய வழக்கில் அதுவும் சரியே என்று புலவரால் ஒரு மணிநேரம் பேச முடியும். அவர் எழுத்தைக் கவனிக்கவில்லை. சாக்குக்குள் கைவிட்டு, வண்டு துளைத்த மணி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் அவரைக் கூலியாள் என்று எண்ணி, "பெரியவரே, இத வண்டியில ஏத்தி விடுங்க" என்றார். புலவர் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார்.

எல்லோரும் போனபின் அவர் தம் பெட்டியை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தார். மரகதம் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே போய், இலை நறுக்கத் தொடங்கினாள்.

அம்மை சிந்திய உளுந்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, புலவரே?"

"மகன் வீட்டுக்கு."

"என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்லம்மா. துணியக் கிழிச்சாச்சு. துணியை விட்டவன் மடத்தை விட்டவன்." பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "செய்யிலயும் ஒரு பங்கு என்னாலதான் போச்சு. வழக்கப்படி திருப்பிக் குடுக்கக்கூட ஒண்ணும் இல்ல. எண்ணெயும் ஈயுமாக் கெடக்கு."

அம்மை கூட்டிக்கொண்டே இருந்தார்.

"இருங்கன்னு நீங்க சொன்னாலும்" என்றார் புலவர், "வர்றவங்க கேப்பாங்கல்ல. மஞ்சள் இல்லாம, நான் இந்த மடத்து ஆளுன்னு எதப் பாத்து நம்பி என்கிட்ட வருவாங்க?"

அம்மை விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கூட்டிய உளுந்தை இரு கையாலும் அள்ளி, புலவரின் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வேட்டியின் மேலேயே கொட்டினார்.

"இதுல கல்லைப் பொறுக்குங்க. அந்த மஞ்சளப் பாத்து நம்பி இதுவரைக்கும் உங்ககிட்ட வந்தது வெள்ளை ஈ மட்டுந்தான், புலவரே."